பழைய டெலி லென்ஸ், டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்: வாசகர் கேள்வி–பதில்

பழைய லென்ஸ்களை டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் மாட்டிப் படமெடுப்பவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி 85 எம்.எம்.மும் அதற்கு மேலும் உள்ள நீள லென்ஸ்களை, அதாவது டெலி லென்ஸ்களைப் பற்றியது. அதனால் இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். 35, 50 பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. வியூஃபைண்டர் என்ற தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் காட்சி இரட்டையாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றான இடம்தான் ஃபோகஸ்.

கேள்வி: குடும்ப நண்பர் ஒருவர் லைட்ஸ் ஹெக்டர் 135 எம்.எம். எஃப் 4.5 லென்ஸை எனக்குக் கொடுத்தார். லைக்கா எம்9-இல் மாட்டி எடுத்தால் பத்துக்கு இரண்டு படம்தான் ஷார்ப்பாக வருகிறது. 'அது ஃபிலிம் காலத்து லென்ஸ், டிஜிட்டலுக்கு ஆகாது' என்கிறார் தெரிந்த கடைக்காரர். விற்றுவிடலாமா, சார்?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: விற்காதீர்கள். பத்தில் இரண்டு ஷார்ப்பாக வருகிறது என்றால் அந்த லென்ஸின் கண்ணாடிக்கு ஷார்ப்பாக எழுதத் தெரியும் என்றுதானே அர்த்தம்? மீதி எட்டும் ஏன் தவறுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேமராவின் லென்ஸ் வாய்க்குள் மேல்பக்கம் பாருங்கள். ஒரு சின்ன உருளை தெரியும். அதை ரோலர் என்போம். லென்ஸின் பின்பக்க வளையம் அதைத் தள்ளுகிறது. ரோலர் தள்ளப்பட்ட அளவுக்கு இரட்டைக் காட்சி நகர்கிறது. ஆனால் இந்த ரோலருக்கு 50 எம்.எம். லென்ஸின் நடை மட்டும்தான் தெரியும். கணக்காகச் சொன்னால் 51.6 எம்.எம். மூன்று மீட்டர் தூரத்தில் நிற்பவரை ஃபோகஸ் செய்ய 50 எம்.எம். லென்ஸ் முன்னால் வரவேண்டியது சுமார் 0.9 மில்லிமீட்டர். அதே ஆளுக்கு 135 லென்ஸ் 6 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். அதனால் 135-இல் இரண்டு மரை வெட்டியிருப்பார்கள். கண்ணாடித் தொகுதி 6 மில்லிமீட்டர் போகும்போது பின்வளையம் 0.9 மட்டும் நகரும். ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று.

சிக்கல் இந்த ஏழில்தான் இருக்கிறது. ரோலர் பக்கம் 0.01 மில்லிமீட்டர் பிசகினால் சென்ஸார் பக்கம் 0.07 மில்லிமீட்டர் பிசகும். எஃப் 4.5-இல் எடுத்தால் ஒரு புள்ளி 0.015 மில்லிமீட்டர் வட்டமாகக் கசியும். எம்9-இன் ஒரு பிக்ஸல் 0.0068 மில்லிமீட்டர். அதாவது இரண்டு பிக்ஸலுக்கு மேல் மங்கல். அதே 0.01 பிசகு 50 லென்ஸில் கண்ணுக்கே தெரியாது. உங்கள் 50 எம்.எம். லென்ஸ் ஒழுங்காக வேலை செய்வதால் கேமராவில் குறை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. 135 போடும்போதுதான் கேமராவின் குட்டும் வெளிப்படும்.

ஃபிலிம் காலத்தில் இதே பிசகு இருந்திருக்கும். ஆனால் ஃபிலிம் பலகைபோல் தட்டையாக உட்காராது, லேசாக வளையும். அதன் மருந்துப் பூச்சுக்கும் ஒரு தடிமன் உண்டு. அஞ்சலட்டை அளவுக்குப் பிரிண்ட் போட்டுப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று ஸ்கிரீனில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண் இமையைத் தேடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் லென்ஸின் முன்பாதியைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள். ஹெக்டரில் கண்ணாடித் தலை தனியாகக் கழன்று வரும். லைக்காவைச் செய்த லைட்ஸ் கம்பெனியின் விசோஃப்ளெக்ஸ் என்ற, லென்ஸ் வழியாகவே பார்க்க உதவும் கண்ணாடிப் பெட்டியில் மாட்டிக்கொள்வதற்காக அப்படி அமைத்தார்கள். அந்தத் தலை கால் சுற்றுத் தளர்ந்திருந்தாலே ஃபோகஸ் மொத்தமாகப் போய்விடும். என் மேஜைக்கு வரும் 135-களில் இந்தத் தளர்ச்சியை அடிக்கடி பார்க்கிறேன். இறுக்கினாலே சரியாகிவிடும் லென்ஸ்கள் உண்டு. இறுக்கமாக இருந்தும் தப்பினால், ஒரு லென்ஸின் தலையை வேறொன்றின் உடம்பில் யாரோ மாட்டிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். தலையும் உடம்பும் தொழிற்சாலையில் ஜோடி பார்த்துச் சேர்க்கப்பட்டவை.

அப்புறம் ட்ரைபாட் போட்டு, ஒரு நாளிதழ்ப் பக்கத்தைப் பலகையில் ஒட்டிச் சாய்வாக நிறுத்துங்கள். மூன்று மீட்டர் தூரம், அப்பர்ச்சர் முழுசாகத் திறந்து. நடுவில் ஒரு தலைப்பு வரிமேல் ஃபோகஸ் வைத்து எடுங்கள். ஒவ்வொரு தடவையும் லென்ஸை முடிவிலிக்கு (∞ குறிக்கு) திருப்பிவிட்டு மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு தூரத்துச் செல்போன் டவரை வைத்து இதையே செய்யுங்கள். எல்லாப் படத்திலும் ஃபோகஸ் ஒரே பக்கமாக, எப்போதும் முன்னாலோ எப்போதும் பின்னாலோ, தள்ளி விழுந்தால் அது இயந்திரக் குறை, சரிசெய்துவிடலாம். வேறொரு 90 லென்ஸை இரவல் வாங்கி அதிலும் அதே பக்கம் தள்ளினால் கேமராவைச் சரிசெய்ய வேண்டும். அதில் சரியாக இருந்தால் ஹெக்டரை. ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று சிதறினால் லென்ஸும் கேமராவும் குற்றமற்றவை. கண் பார்க்கும் அளவு போதவில்லை. அதற்கு மருந்து கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

ரோலரை நீங்களே திருகாதீர்கள். முடிவிலிக்கு ஒரு இடமும் கிட்டத்துக்கு ஒரு இடமும் உண்டு; ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். ரேஞ்ச்ஃபைண்டர் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கேமராவையும் ஹெக்டரையும் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: பழைய வைட் லென்ஸ்களை டிஜிட்டலில் போட்டால் ஓரங்களில் ஊதாச் சாயம் ஏறுகிறது என்கிறார்கள். டெலி லென்ஸுக்கும் அது உண்டா?
— மதுரை வாசகி

பதில்: இல்லை. எனக்குப் பழைய நீள லென்ஸ்கள்மேல் இத்தனை பிரியம் வந்ததற்கு இதுவே பெரிய காரணம். பழைய வைட் லென்ஸின் பின்கண்ணாடி சென்ஸாரை ஒட்டி நிற்கும். ஓரத்துக்குப் போகும் ஒளி மிகச் சாய்வாக விழும். சென்ஸார் மேலிருக்கும் கண்ணாடியும் நுண்லென்ஸ்களும் அந்தச் சாய்வைத் தாங்காமல் நிறம் மாறும். நீள லென்ஸிலோ ஒளி தூரத்திலிருந்து கிட்டத்தட்ட நேராக வந்து இறங்குகிறது. ஃபிலிமுக்காகக் கணக்குப் போட்ட லென்ஸ்களிலேயே சென்ஸாரோடு அதிகம் ஒத்துப்போவது 90-ம் 135-ம்தான் என்பேன்.

இதனால் இன்னொரு சௌகரியமும் உண்டு. எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் ஆறு புள்ளிக் குறியீடு லென்ஸின் பின்விளிம்பில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தக் குறியீட்டை வைத்துக் கேமரா செய்யும் ஓரத் திருத்தம் நீள லென்ஸுக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

கான்ட்ராஸ்ட் குறைவது வேறு விஷயம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லென்ஸ்களில் பெரும்பாலும் கண்ணாடிப் பூச்சு கிடையாது. வெயில் முன்பக்கத்தில் பட்டால் படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுக்கும். லென்ஸ் முன்னால் வெயிலை மறைக்கும் ஹூட் இல்லாமல் வெளியே போகாதீர்கள். லைட்ஸின் ஃபிகஸ் என்ற பழைய ஹூட்டை இழுத்து நீட்டி 50, 90, 135 மூன்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எல்லா லென்ஸின் முன்விளிம்பிலும் உட்காராது, பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ரா ஃபைலில் எடுத்துக் கறுப்பைக் கொஞ்சம் இறக்கினால் எல்மார் 90 எஃப் 4-இன் முகப்படங்கள் அருமையாக எழுந்து வரும். நான்கே கண்ணாடி கொண்ட லென்ஸ் அது. தோலின் நிறப்படிகளை அது காட்டும் விதம் எனக்குப் புது லென்ஸ் எதிலும் கிடைத்ததில்லை.

கேள்வி: மார்கழிக் கச்சேரிகளை லைக்கா எம் 240-இல் எடுக்க ஆசை. சபாவில் ஆறாவது, ஏழாவது வரிசையில்தான் இடம் கிடைக்கும். பழைய 90 வாங்குவதா, 135 வாங்குவதா?
— சென்னை வாசகர்

பதில்: 90. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எட்டு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் பிடித்தால் 90-இல் 3.2 மீட்டர் அகலம் அடங்கும். பாடகர், அவருக்கு ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம் என்று மூவரும் வந்துவிடுவார்கள். நிமிர்த்திப் பிடித்தால் பாடகரும் பின்னால் தம்புராவும். 135-இல் அகலம் 2.1 மீட்டர்தான், ஒருவரைத் தனியாக எடுக்க நன்று, பக்கவாத்தியத்தை வெட்டிவிடும். எம் 240-இன் படத்தை ஓரம் வெட்டிப் பெரிதாக்க நிறைய இடமிருக்கிறது, அதனால் 90-இல் எடுத்ததை 135 ஆக்கிக்கொள்ளலாம். 135-இல் எடுத்ததை 90 ஆக்க முடியாது.

வெளிச்சம் இன்னொரு காரணம். பழைய 135-கள் பெரும்பாலும் எஃப் 4, எஃப் 4.5. 1959-இல் வந்த எல்மாரிட் 90 எஃப் 2.8. அதே மேடை விளக்கில் எஃப் 4-ஐவிட இரண்டு மடங்கு ஒளி. பாடகரின் கை வீச்சுக்கு 1/125 போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் விரல் தெரியவேண்டும் என்றால் 1/500-க்குப் போகவேண்டும், அங்கே இந்த இரண்டு மடங்கு கைகொடுக்கும். எஃப் 2-இல் பழைய சம்மிக்ரான் 90-ம் உண்டு. நல்ல லென்ஸ், ஆனால் கனம். இரண்டரை மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ள நான் எல்மாரிட்டையே எடுத்துப்போகிறேன்.

ஃபோகஸ் எதன்மேல் வைப்பது? ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டைக் காட்சி பக்கவாட்டில்தான் நகரும். அதனால் நெட்டுக்குத்தான கோடு வேண்டும், அல்லது ஒரு ஒளிப்புள்ளி. புடவை மடிப்பிலும் முகத்திலும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பாடகியின் மூக்குத்தியைப் பாருங்கள். மேடை விளக்கில் அது இரண்டு பொட்டாக மின்னும். லென்ஸை நகர்த்த நகர்த்த இரண்டும் நெருங்கி ஒரே பொட்டாகும்போது சட்டென்று பிரகாசம் கூடும். அந்தக் கணத்தில் விரலை நிறுத்துங்கள். இதைவிடத் துல்லியமான குறி மேடையில் கிடையாது. பாடகர் ஆண் என்றால் ஜிப்பாவின் பட்டன் பட்டை. மைக் ஸ்டாண்டில் வைக்காதீர்கள், அது முகத்துக்கு ஓரடியாவது முன்னால் நிற்கும். எட்டு மீட்டரில் எஃப் 2.8-இல் 90-க்குச் சுமார் 1.3 மீட்டர் ஆழம் ஷார்ப்பாக இருக்கும் என்று பழைய கணக்கு சொல்லும். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்க்கும் நமக்கு அதில் பாதி என்று எடுத்துக்கொள்வதே பத்திரம்.

எம் 240-இல், படத்தின் எல்லையை வியூஃபைண்டரில் காட்டும் ஃபிரேம் கோடுகள் இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கணித்தவை. எட்டு மீட்டரில் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் விழும். ஓரத்தில் இருக்கும் எக்ஸிட் விளக்கு உள்ளே வந்துவிடாமல் கொஞ்சம் இறுக்கியே ஃபிரேம் வையுங்கள். சபாவில் முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொள்வதும் ஆலாபனையின்போது ஷட்டரைத் தொடாமல் இருப்பதும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: என்னிடம் எப்சன் ஆர்-டி1 இருக்கிறது. இங்கே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கேனன் 100 எம்.எம். எஃப் 3.5, நிக்கோர் 105 எம்.எம். எஃப் 2.5 இரண்டும் பார்த்தேன், இரண்டும் திருகு மாட்டும் வகை. எதை எடுக்கலாம்?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: 2004-இல் வந்த ஆர்-டி1தான் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம்.

நிக்கோர் 105 பேர்போன லென்ஸ். அதன் குடும்பத்துக்கு ஒரு கதை உண்டு. 1950-இல் டோக்கியோவில் இருந்த லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிகி 85 எம்.எம். நிக்கோரில் ஒரு படம் எடுத்தார். அதன் ஷார்ப்னஸைப் பார்த்து டங்கன் அசந்துபோய் கம்பெனிக்கே போய் லென்ஸ்களைச் சோதித்து வாங்கினார். சில வாரங்களில் கொரியப் போர் வெடித்தது. அவர் தன் லைக்காவில் நிக்கோரை மாட்டிக்கொண்டு அங்கே போனார். ஜப்பானிய லென்ஸ் என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் மேற்கே உடைந்தது அதற்குப் பிறகுதான். 105 எஃப் 2.5 வந்தது 1954-இல். பின்னாளில் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கும் அது தொடர்ந்தது.

இவ்வளவு சொல்லியும் உங்களுக்கு நான் கேனனைத்தான் சொல்வேன். காரணம் கேமரா. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னலுக்கும் நடுவே உள்ள தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் அதன் உண்மையான பலம். ஆர்-டி1-இல் அது சுமார் 38 மில்லிமீட்டர். எம்9-இல் 47, எம்10-இல் 50-க்குக் கொஞ்சம் மேல். 105 எம்.எம். லென்ஸை எஃப் 2.5-இல் நம்பி ஃபோகஸ் செய்யக் குறைந்தது 44 வேண்டும். உங்களிடம் அது இல்லை. 100 எஃப் 3.5-க்கு 29 போதும். நீங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள், ஆர்-டி1-இன் சென்ஸார் வேறு சின்னது, அதனால் கணக்கு இன்னும் கறாராகும். ஆனாலும் கேனன் பக்கம் தாங்கும். நிக்கோரை எஃப் 4-க்கு மூடியே எடுப்பேன் என்றால் வாங்குங்கள். ஆனால் எஃப் 2.5-க்காகத்தானே அதை வாங்குகிறோம்?

திருகு லென்ஸை லைக்காவின் எம் மவுண்டில் (லென்ஸ் பூட்டும் வாயில்) பொருத்தும் வளையத்தில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஜோடி ஃபிரேம் கோட்டைக் கொண்டுவரும். லைக்காவில் 90-க்கு 28/90 வளையம், 135-க்கு 35/135 வளையம். ஆர்-டி1-இல் கோட்டைக் கையால்தான் மாற்றுகிறோம், எந்த வளையமும் சரி. வளையத்தின் தடிமன் சரியாக 1 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். மலிவு வளையங்களில் இதுதான் தப்பும். ஆர்-டி1-இல் 50-க்கு மேல் கோடே கிடையாது. சின்ன சென்ஸாரில் 100 எம்.எம். ஏறத்தாழ 150 மாதிரி வரும். 135-க்கான தனி வியூஃபைண்டர் ஒன்றை மேலே செருகிக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள், அல்லது 50-இன் கோட்டுக்குள் நடுப் பாதியை மட்டும் மனதில் வெட்டிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குமுன் கேனனுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எப்படி என்று கீழே தஞ்சாவூர்க் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் ஜூபிட்டர்-9 (85 எம்.எம். எஃப் 2) வாங்கினேன். முடிவிலியில் நன்றாக இருக்கிறது. ஒன்றரை மீட்டரில் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதில் விழுகிறது. என் கேமரா எம்10.
— யாழ்ப்பாணத்து வாசகர்

பதில்: ஜூபிட்டர்-9 என்பது ஸைஸ் கம்பெனியின் சோனார் 85 எஃப் 2-இன் சோவியத் பிரதி. ஸைஸ் அதைக் கான்டாக்ஸ் கேமராவுக்காக வடிவமைத்தது. கான்டாக்ஸின் ரேஞ்ச்ஃபைண்டர் கணக்கும் லைக்காவின் கணக்கும் வேறு. போதாக்குறைக்கு இந்த லென்ஸ்களில் பலவற்றை இத்தனை காலத்தில் யார் யாரோ பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, மரையை ஒரு சுற்றுத் தள்ளி மாட்டியிருப்பார்கள். முடிவிலி சரி, கிட்டத்தில் தப்பு என்பது இவ்வகை லென்ஸ்களில் வழக்கமான புகார்.

உங்களிடம் எம்10 இருப்பது அதிர்ஷ்டம். லென்ஸ் காண்பதையே ஸ்கிரீனில் காட்டும் லைவ் வியூவில் காட்சியைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள், தீர்ந்தது. ரேஞ்ச்ஃபைண்டரிலேயே வேலை வாங்கவேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள்: ஒன்றரை மீட்டரில் ரேஞ்ச்ஃபைண்டரால் ஃபோகஸ் வைத்து, லென்ஸில் உள்ள தூர எண் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ட்ரைபாடை அசைக்காமல் லைவ் வியூவில் வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் பழகிவிடும். முகப்படம் எடுக்கும் தூரம் பெரும்பாலும் ஒன்றுதானே. சிலர் உள்ளே தகடு வைத்துச் சரிசெய்கிறார்கள், ஆனால் கிட்டத்தைத் திருத்தினால் முடிவிலி போய்விடும். நீங்கள் எடுப்பது முகங்கள் மட்டும் என்றால் அதையும் செய்யலாம். பதினைந்து தகடு கொண்ட அதன் அப்பர்ச்சர் பின்னணி விளக்குகளை எவ்வளவு உருண்டையாக்குகிறது என்று பார்த்தால் இந்தச் சிரமம் பெரிதாகத் தோன்றாது.

கேள்வி: லைக்கா எம்8-இல் 135 லென்ஸ் மாட்டினால் 135-க்கான கோடே வரவில்லை. கறுப்புக் கோட்டு ஊதாவாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?
— திருச்சி வாசகர்

பதில்: கெடவில்லை, இரண்டும் எம்8-இன் பிறவிக் குணம். அதில் 135 கோடு வைக்கவே இல்லை. வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலை 28/90 நிலைக்குக் கையால் தள்ளிப் பிடியுங்கள். 90-இன் கட்டத்தில் நீளத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் 135. எம்8-இன் சின்ன சென்ஸாரில் அது 180 எம்.எம். மாதிரி எடுக்கும், அதனால் 1/500-க்குக் கீழே இறங்கவேண்டாம். எம்8-இன் சென்ஸார் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி மெல்லியது. செயற்கை இழைக் கறுப்புத் துணி ஊதாவாவது அதனால்தான். யூவி/ஐஆர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். 39 எம்.எம். வாங்கினால் பழைய லைட்ஸ் 90, 135-களில் பலவற்றுக்கும் பொருந்தும்.

கேள்வி: டெலி-எல்மார் 135-இன் உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிகிறது. வீட்டிலேயே பிரித்துத் துடைக்கலாமா?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: துடைக்காதீர்கள் அம்மா. நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டெல்டா பக்கம் பீரோவில் வைத்த லென்ஸ்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டறையில் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் எல்லாப் பழைய லென்ஸும் குப்பையாகத்தான் தெரியும், சாய்வு முக்கியம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வேர் மாதிரி படர்ந்தால் ஃபங்கஸ். கண்ணாடி முழுவதும் ஒரே சீராக மூச்சு விட்டதுபோல் மங்கலாக இருந்தால் ஆவிப்படலம், அப்பர்ச்சர் தகட்டு எண்ணெய் ஏறிப் படிவது. ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையமோ பிறையோ தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. முதல் இரண்டையும் நல்ல மெக்கானிக் துடைத்துத் தருவார். ஃபங்கஸ் பூச்சை அரித்திருந்தால் தடம் மட்டும் நிற்கும். சின்னத் தடம் படத்தில் தெரியாது. மூன்றாவது என்றால், விலைக்கு வாங்கும் லென்ஸாக இருந்தால் வாங்காதீர்கள்.

துடைத்து வந்த பிறகு தோல் உறையில் போடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் வறுத்தெடுத்து மறுபடி போடுங்கள். பழைய எம்9 வாங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அதன் முதல் சென்ஸார்களில் மேல்கண்ணாடி அரிக்கும் குறை இருந்தது. சென்ஸார் மாற்றப்பட்டதா என்று கேட்டு, எஃப் 16-இல் வானத்தை எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வேடந்தாங்கலில் பறவை எடுக்க, எம்10-இல் பழைய லைட்ஸ் டெலிட் 400 எம்.எம். சரிப்படுமா?
— செங்கல்பட்டு வாசகர்

பதில்: கூட்டில் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவுக்குச் சரிப்படும். பறக்கிற எதற்கும் சரிப்படாது. 135-க்கு மேல் ரேஞ்ச்ஃபைண்டரால் ஃபோகஸ் செய்ய முடியாது என்பது லைட்ஸுக்கே தெரியும். அதனால்தான் 1935-இல் டெலிட் 200 வந்தபோதே கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னாளில் அதுவே விசோஃப்ளெக்ஸ் ஆனது. எம்10-இல் லைவ் வியூ இருக்கிறது, அந்தப் பெட்டியின் கண்ணாடி தேவையில்லை; ஆனால் பெட்டி நிற்கும் 40 மில்லிமீட்டர் சொச்ச இடைவெளி தேவை. பெட்டியோ அதே நீளமுள்ள குழாயோ போட்டாக வேண்டும். கனமான ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், காற்று நின்ற காலை நேரம். எம்10-இல் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி கிடையாது. பறவைதான் முக்கியம் என்றால் வேறு கேமரா வாங்குங்கள். 

கேள்வி: வியூஃபைண்டரில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி 135-க்கு உதவுமா? எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் வாங்குவதே மேலா?
— சேலம் வாசகர்

பதில்: எம்9, எம்8 வைத்திருப்பவர்களுக்கு லைவ் வியூ கிடையாது, உருப்பெருக்கிதான் வழி. லைக்காவே 1.25 மடங்கும் 1.4 மடங்கும் விற்றது. எம்9-இன் 47 மில்லிமீட்டர் பலம் 1.25-இல் 59 ஆகும், 1.4-இல் 66. எஃப் 4-இல் 135-க்கு ஏறத்தாழ 46 வேண்டும். அதாவது வெறும் எம்9 விளிம்பில் நிற்கிறது, உருப்பெருக்கி அதை இரண்டடி உள்ளே தள்ளி வைக்கிறது. கோவை வாசகருக்கு நான் சொன்ன மருந்தும் இதுதான். எல்மாரிட் 135 எஃப் 2.8-க்கு 65 தேவை. அதனால்தான் அந்த லென்ஸின் நெற்றியிலேயே 1.5 மடங்கு பெருக்கும் மூக்குக்கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். பார்க்க விநோதமாக இருக்கும், தூக்கக் கனம், ஆனால் எம்9-இல் மாட்டினால் 70-ஐத் தாண்டுகிறது. வேறு எதுவும் வாங்கவேண்டியதில்லை.

எம் 240, எம்10, எம்11 என்றால் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் துல்லியத்தில் மேல்தான். ஆனால் 135-ஐக் கையில் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கும்போது காட்சி துள்ளும், ஆள் அதற்குள் முகத்தைத் திருப்பிவிடுவார். நகராத பொருளுக்கு எலெக்ட்ரானிக், மனிதர்களுக்கு 1.25 உருப்பெருக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.4 வாங்கினால் 50-இன் கோடுகளின் ஓரம் கண்ணுக்கு எட்டாது, லென்ஸ் மாற்றும்போதெல்லாம் அதையும் கழற்ற வேண்டிவரும். கண்ணாடி அணிபவர் என்றால் உங்கள் பார்வைப் பவருக்கான திருத்த லென்ஸையும் சேர்த்துக் கேளுங்கள், உருப்பெருக்கியின் பின்னால் அது திருகிக்கொள்ளும்.